‘அன்பவுண்டட்’ என்றொரு சொல்

நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய பிரெஞ்சு பேசும் நகரின் லாசால் பகுதியில், எங்கள் பழைய அடுக்குமாடியின் நடைவழியில் வறுத்த எள்ளின் மணம் எழுந்தால், எதிர்வீட்டு மின்ஜி அன்ரி ஆங்கிலம் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். கொரியாவிலிருந்து வந்து மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அவர், அன்றன்றைய ஆங்கிலச் சொல்லைத் தன் மொழிப் பொருளோடு சேர்த்து, சமைத்துக்கொண்டே உரக்கச் சொல்லிப் பாடமாக்குவார். பள்ளியில் பிரெஞ்சில் படித்த எனக்கும் அரைகுறை ஆங்கிலம் அந்த அடுப்படியில்தான் ஒட்டியது.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு “கேஸ்”. மன்னாரில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன சித்தப்பாவைப் பற்றி அப்பா விசாரணையில் சொன்னதுதான் எங்கள் அகதி வழக்கு முழுவதும். ஒருநாள் சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து அழைத்துப் படபடவென்று சொன்னதில், அப்பாவின் காதில் நின்றது “அன்பவுண்டட்” மட்டும். அவருக்குத் தன் “இங்கிலிஷ்” மேல் அசையாத நம்பிக்கை. சொற்களைத் தேங்காய்போல இரண்டாக உடைத்துப் பொருள் எடுப்பார். ‘பவுண்ட்’ என்றால் கண்டுபிடித்தது. ஆகவே இது கண்டுபிடிக்காதது.

“தம்பியை இன்னும் கண்டுபிடிக்கேல்லையாம்,” என்றார் அம்மாவிடம். “இந்த நாட்டுக்காரராவது தேடியிருக்கினம், பாத்தியே!”

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகம் தெளிந்திருந்தது. அன்ரி வந்தபோது அவரிடமும் பெருமையாகச் சொன்னார். அன்ரி அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த வாரம்தான் வகுப்பில் படித்த சொல்லாம். தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார்; விளக்க வார்த்தை கிடைக்காமல், எங்கள் சன்னலோரம் யோகட் டப்பாவில் முளைத்திருந்த வெங்காயத்தைப் பிடுங்கி வேரைக் கிள்ளி எறிந்தார்.

“யுவர் ஸ்டோரி, நோ ரூட்,” என்றவர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பதறி, “தே சே! தே சே!” என்றார்; எங்கள் கதை ஆதாரமற்றது என்பது அவர்கள் சொல்வது, தான் சொல்வதல்ல என்று.

“பொய்யெண்டு சொல்லிப்போட்டாங்களே!” என்று அம்மா அழுதார். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயந்தேன்.

“அப்ப, ஒருத்தரும் தேடேல்லையோ?” என்று மட்டும் கேட்டார் அப்பா.

அன்ரி சொல்லித் தெரிந்ததால்தான் மேன்முறையீட்டுக்கு நாள் தப்பவில்லை, நாங்கள் வென்றோம். அன்ரி இப்போது ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கிறார். லாசால் கட்டடத்தில் எங்களை அறிந்தவர் எவருமில்லை. புவாண்ட்-கிளேரில் என் அலுவலகத்தில் யாராவது அந்தச் சொல்லை அலட்சியமாக உச்சரித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அப்பா இந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டார். சித்தப்பாவைப் பற்றி விசாரிப்பவர்களிடம் “தேடுகினம்” என்று சொல்வதை மட்டும், அன்ரி வேரைக் கிள்ளி எறிந்த அன்றோடு நிறுத்திவிட்டார்.