எடுத்துவிட்ட பன்னிரண்டாம் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பதினொரு வருடமாக ஆலோசனை நிறுவனத்தில் வேலை. எந்த ஆலைக்குள் நுழைந்தாலும், எங்கே வீணாகிறது, எதை வெட்டலாம் என்று மூன்றே நாளில் சொல்லிவிடுவாள். சொல்வதோடு சரி. செய்வதும் செய்யாததும் அவர்கள் பாடு.

டப்பா மூடி அடிக்கும் ஆலை ஒன்றுக்கும் அப்படித்தான் அறிக்கை எழுதினாள். அங்கே நான்காவது பிரஸ் மெஷினில், கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிவலையைக் காணோம். வேகம் குறைகிறது என்று கழற்றி மூலையில் சாய்த்திருந்தார்கள். அதைப் படம் எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தில் போட்டாள். இதற்காகவா நம்மைக் கூப்பிட்டார்கள் என்று மேலதிகாரி அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார். இரண்டு முறை வாதாடினாள்; பிறகு விட்டுவிட்டாள். மறுவாரம் வேறு ஆலை.

ஐந்து மாதம் கழித்து, அடுத்த கட்ட வேலைக்காக அதே ஆலைக்குப் போனார்கள். மேனேஜர் டீயைக் குடித்துக்கொண்டே, நான்காவது பிரஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது என்றார். உற்பத்திக்குப் பாதிப்பில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மேலதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

காரில் ஏறியதும் அந்த விரல்களைப் பற்றி மேலதிகாரியிடம் கேட்டாள். நாம்தான் அப்போதே சொன்னோமே என்றார் அவர்.

"எங்க சார் சொன்னோம்? நீங்க பக்கத்தைத் தூக்கிட்டீங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நொடிந்த ஆலைகளை வாங்கி, சீராக்கி, சில வருடங்களில் விற்றுவிடும் முதலீட்டு நிறுவனம் ஒன்று ஒரு மாதமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாங்கும் ஆலைகளை நேரில் நின்று நடத்தும் வேலை. இழுத்தடித்துக்கொண்டிருந்தவள், அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வேலைக்குப் போகிறேன் என்றாள். கணக்கு வாத்தியாரான கணவர் விடைத்தாள் கட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"கோவத்துல குதிக்காத. அவங்க மட்டும் தர்மத்துக்கா வாங்குறாங்க? ஆளைக் குறைன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

அவர் கேட்டது நியாயம்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

மூன்றாம் நாள் அந்த நிறுவனத்தின் தலைவியைப் பார்த்து, மெஷினை நிறுத்த வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"நிறுத்திட்டுச் சொல்லுங்க. ஆனா உற்பத்தி ஏன் குறைஞ்சுதுன்னு மாசக் கடைசியில நான் கேப்பேன். பதில் வேணும்."

தேன் தடவாத பேச்சு. நம்பலாம் என்று தோன்றியது. மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். இன்னும் இரண்டு வருடத்தில் பங்குதாரர் ஆகிவிடலாமே என்றார் மேலதிகாரி.

"பங்குதான் ஏற்கெனவே கிடைச்சிருச்சே சார், அந்த ரெண்டு விரல்ல."

புது வேலை ஒரு பிளாஸ்டிக் வாளி ஆலையில். மூன்றாம் வாரம், தடுப்புச் சரியில்லாத இரண்டு மெஷின்களை நிறுத்தினாள். போர்மேன் நேராக வந்து நின்றார்.

"இன்னைக்கு மெஷினை நிறுத்துவீங்க. நாளைக்கு எங்களை நிறுத்துவீங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கோம்."

இல்லை என்று சொன்னால் அது பொய். தலைவி கொடுத்த திட்டத்தில் பதினெட்டுப் பேரைக் குறைக்கச் சொல்லியிருந்தது. அதை மறைக்காமல் சொன்னாள். தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, தலைவியோடு சண்டை நடக்கிறது என்றும் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒன்றரை மாதம் மல்லுக்கட்டியதில் பதினொரு பேர் தப்பினார்கள். ஏழு பேர் தப்பவில்லை. வேலைநீக்கக் கடிதத்தை வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டுச் சொன்னாள். ஏழாவதாக வந்த பேக்கிங் பிரிவு அம்மா கடிதத்தைத் தொடாமலே எழுந்து நடந்தார். இவள் கேட் வரை பின்னாலேயே போனாள். அவர் திரும்பி நின்று, உன் வீட்டில் அடுப்பு எரியும், என் வீட்டில் எரிய வேண்டாமா என்று தொடங்கி, வாய் ஓயும் வரை திட்டினார். ஒரு வார்த்தை மறுக்காமல் நின்று கேட்டாள். கோபம் அவருக்கும் அடங்கவில்லை, இவளுக்கும் அடங்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு அதே கேட் வழியாக உள்ளே போனாள்.