இத்தோடு முடிந்தது

எனக்குக் கண் தெரியாது. கணினி திரையைப் படித்துச் சொல்ல, கேட்டுக் கேட்டு நிரல் எழுதுகிறேன். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே உளிச் சத்தம், என் காதில் "எட்டு ஸ்பேஸ், பன்னிரண்டு ஸ்பேஸ்". பைத்தான் மொழியில் ஒரு வரி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் எது எதற்குள் அடங்கும் என்று தெரியும். பார்க்க அழகாம்.

எண்ணி மாளாமல், ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் 'இத்தோடு முடிந்தது' என்று ஒரு குறிப்பு போட்டுவைப்பேன். டீம் லீடர் தினமும் அதை அழிப்பார்.

"கண்ண உறுத்திகினே கீது, அண்ணாத்த" என்பார். என்னிடம்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் புதிதாக எழுதிய கோப்பில் அந்தக் குறிப்புகளைத் துடைத்துவிட்டு, சாட் வழியாகத் தனக்கே அனுப்பி, எடுத்து ஒட்டிச் சேமித்தார். சாட்டில் வரிகளுக்கு முன்னாலிருந்த ஸ்பேஸ் அத்தனையும் போய், எல்லா வரிகளும் இடது ஓரத்தில் வந்து நின்றன. வேறு பிரதி இல்லை.

என் மேசைக்கு வந்தார். "எது எங்க முடியுதுன்னே தெரியல, அண்ணாத்த."

"எழுதி வச்சிருந்தேனே."

பக்கத்தில் உட்கார்ந்தார். நினைவிலிருந்து நான் எண்களைச் சொல்ல, அவர் ஸ்பேஸைத் தட்டித் தட்டி வாய்விட்டு எண்ணினார். கீழே உளி தட்டும்போதெல்லாம் கணக்குக் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். என் கணினி இதைவிட வேகமாக எண்ணும் என்றேன்.

முதல் பகுதி முடிய மதியமாகிவிட்டது.

"இப்போ 'இத்தோடு முடிந்தது'ன்னு ஒரு வரி அடிங்க" என்றேன்.

அடித்தார்.