ஏகாம்பரம் திருடாத தங்கம்

சர்ச் ரூம்

அன்றைக்கு முதல் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியும் மில்லில் இருந்த எங்களை வெளியே விடவில்லை. நான் அங்கே ஃபிட்டர். தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து, சரிவான டேபிள்கள் மேல் ஓட விடுவார்கள். டேபிளில் விரித்த முரட்டுத் துணியில் தங்கம் தங்கிவிடும். அந்தத் துணியைத் தொட்டியில் அலசுவது ஏகாம்பரம் அண்ணனின் வேலை. கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் என் பக்கத்து வீட்டுக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சோறு எடுத்து எனக்குப் போட்டவர்.

மில்லிலிருந்து வீட்டுக்குப் போவது லேசில்லை. சர்ச் ரூம் என்கிற சோதனை அறையில் கம்பெனி டிரஸ்ஸைக் கழற்றிப் போட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டி, தலைமுடியை உதறி, ஒரு கட்டையைத் தாண்டிக் குதித்து, அந்தப் பக்கம் போய்த்தான் சொந்தத் துணியை உடுத்தலாம். கம்பெனி டிரஸ் கிழிந்தாலும் வெளியே போகாது. அதை எரித்து, சாம்பலில் இருக்கிற தங்கத்தையும் எடுத்துக்கொள்வார்கள். ஆபீசர்களுக்கு வேறு கேட். அங்கே சல்யூட் மட்டும்தான். இதை நாங்கள் யாரும் தப்பாகவே நினைக்கவில்லை என்பதுதான் இப்போது யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில், கல்லில் இவ்வளவு தங்கம் இருக்கிறது என்று லேப் சொன்ன கணக்குக்கும் கையில் கிடைத்த தங்கத்துக்கும் சில மாதங்களாக ஒத்துப்போகவில்லை. அன்றைக்குச் செக்யூரிட்டி ஆபீசர் நேராக ஏகாம்பரம் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"போன வாரம் உன் வீட்ல விசேஷமாமே?"

"பொண்ணுக்குக் காது குத்தினோம் சார்."

"காதுல என்ன போட்டே?"

"கம்மல் சார்."

"தங்கமா?"

"ஆமா சார். தாய்மாமன் இல்லாத ஊடு. என் சம்சாரம் மூக்குத்திய அழிச்சிப் பண்ணது சார்."

"பிரியாணி வேற போட்டியாமே. கூலிக்காரனுக்கு ஏதுய்யா இவ்ளோ?"

விசாரணை அவ்வளவுதான். தங்கம் எடுக்கிற ஊரில் தங்கம் எடுக்கிறவன் மகள் காதில் பொட்டுத் தங்கம் இருந்தால் அது திருட்டுக்குச் சாட்சி. போலீஸ் கேஸ் போட்டார்கள். ஆதாரம் இல்லாமல் அது நிற்கவில்லை. போன வேலையும் திரும்பி வரவில்லை. லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன், அண்ணி பூங்காவனம், காது புண் ஆறாத குழந்தை செல்வி மூவரும் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முதலில் அவர் ஒரு சிட்டிகை எடுத்தார் என்றார்கள். டீக்கடைக்கு டீக்கடை அது வளர்ந்து, ஒரு கட்டியாகி, கடைசியில் செங்கல் அளவுக்கு வந்துவிட்டது. அண்ணன் சுண்ணாம்பு அடிக்கிற வேலைக்குப் போனார். "ஆளு கெட்டிக்காரன், சந்தேகம் வராம இருக்க வேஷம் கட்றான்" என்று அதற்கும் சொன்னார்கள். ஆனால் யாரும் அவரைக் கேவலமாக நடத்தவில்லை. மளிகைக் கடைக்காரர் மற்றவர்களிடம் முகம் சுளிப்பார்; இவருக்கு எழுந்து நின்று கடன் கொடுப்பார்.

டேபிளுக்கு அடியில்

இருபது வருஷம் போனது. மைன்ஸ் மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் பழைய டேபிள் செக்‌ஷனை உடைத்துப் புது மெஷின் வைக்க முடிவு செய்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஃபவுண்டேஷன். மேலே சிமெண்ட், அதற்கு அடியில் மரப்பலகை, அதற்கும் அடியில் கருங்கல். பலகையைக் கடப்பாரையால் நெம்பியபோது கருங்கல் இடுக்கெல்லாம் கறுப்புச் சேறு இறுகிக் கிடந்தது. ஒருத்தன் அதில் ஒரு கை அள்ளித் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினான். தட்டின் ஓரத்தில் மஞ்சளாகக் கோடு விழுந்தது.

சிமெண்டில் எப்போதோ வெடிப்பு விட்டிருக்கிறது. தங்கம் கலந்த தண்ணீர் அதன் வழியாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் நாக்குக்கு அடியில் தேடியவர்கள், கிழிந்த சட்டையை எரித்துத் தேடியவர்கள், தரைக்கு அடியில் தேடவில்லை.

பெட்டி கொண்டுவந்து சேற்றை வழித்து அனுப்பினார்கள். கூட இருந்தவர்கள் யாரும் அதை ஏகாம்பரம் அண்ணனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நான் அசிஸ்டென்ட் மேனேஜரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"சார், ஏகாம்பரம் எடுத்ததா சொன்ன தங்கம் இதானே? அவருக்கு ஒரு வழி பண்ணுங்க சார்."

அவர் கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். "கஜேந்திரன், இது கிளீன்-அப் தங்கம், செக்‌ஷனைச் சுத்தம் பண்ணும்போது கிடைச்சது. அப்படித்தான் ரிப்போர்ட் போகும். அன்னைக்குக் காணாம போகவே இல்லைன்னு நான் எழுதினா, அவனை டிஸ்மிஸ் பண்ணவங்க எல்லாம் யாரு? பாதிப் பேரு இன்னைக்கு எனக்கு மேல உக்காந்திருக்காங்க. போங்க, வேலையைப் பாருங்க."

கம்பெனி சொல்லாவிட்டால் போகட்டும், ஊருக்கு நான் சொல்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஆண்டர்சன்பேட்டைக்கு மிதித்தேன்.

வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. செல்விக்கு அந்த வாரக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை பூதிகோட்டையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். சீர் எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள் என்று அவர்களாகவே தேடி வந்திருந்தார்கள். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்கடா இருந்துச்சு?"

"டேபிளுக்கு அடியில, ணா."

"எந்த டேபிளு?"

"நீ துணி அலசுவியே, அது."

"அப்ப நான் நின்ன எடத்துலயா?"

"ஆமா ணா. உன் காலுக்குக் கீழயே."

அவர் குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தார். பிறகு சத்தம் போட்டு அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன்.

அண்ணி அழவில்லை. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, இத்த வேற யாருகிட்டனா சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல அண்ணி. இப்பதான் சொல்லணும்."

"வாணாம். உங்க கால்ல வுழறேன், வாணாம்."

"இன்னா அண்ணி பேசறீங்க? அண்ணன் மேல இருக்கிற பழி போவுமே."

"பழி போவும். மாப்ள ஊட்டுக்காரங்களும் போய்டுவாங்க. திருடன் பொண்ணுன்னுதானே தேடிகினு வந்தாங்க? நல்லவன் பொண்ணுன்னா எவன் வருவான், சொல்லுங்க."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ சொல்றது சரிடா. உட்டுடு" என்றார். தான் திருடவில்லை என்பதை ஊருக்குச் சொல்ல ஆதாரம் கிடைத்த அன்றே, அதைத் தன் வீட்டிலேயே புதைக்க வேண்டி வந்தது அவருக்கு. கல்யாணத்தன்று மளிகைக் கடைக்காரர்தான் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார்.

பூதிகோட்டையில் சாட்சி

தலை தீபாவளி வந்தது. பூதிகோட்டைக்காரர்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தார்கள். அடுத்த தீபாவளிக்குத் தங்கம் எங்கே என்று கேட்டார்கள். அதற்கப்புறம் செல்வி கையில் ஒரு பையோடு அடிக்கடி அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு தடவை உதடு கிழிந்திருந்தது.

இனி மறைத்துப் பயனில்லை என்று அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பூதிகோட்டைக்குப் போனார். அதற்குள் மில்லில் இழுத்த கல் தூசி அவருடைய நெஞ்சைத் தின்றிருந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி வீட்டில் காபி கொடுத்தார்கள். பலகையை நெம்பியது, சேறு, தட்டில் விழுந்த கோடு என்று நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். சம்பந்தி முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் சொல்றீங்க. மில்லுல உங்களுக்கும் அங்கதானே வேலை?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்கும் பங்கு இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? நம்பியிருக்கமாட்டார்கள் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் நாள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போய்விட்டு நாங்கள் வீடு திரும்பினால், வாசலில் ஒரே கூட்டம். மாப்பிள்ளையும் அவன் தம்பியும் உள்ளே தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படுத்திருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். நான் கடப்பாரையைப் பிடுங்கினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். இங்கே தங்கம் கிடையாது, அது மில் தரையில் கிடைத்துவிட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

கூட்டத்தில் ஒருவர்கூட மாப்பிள்ளையைத் தடுக்கவில்லை. எல்லோரும் துக்கம் கேட்க வந்தவர்கள்; அண்ணனோடு ஒரே லைனில் குடியிருந்தவர்கள், சர்ச் ரூமில் அவரோடு வாய் திறந்து நின்றவர்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நடுவுல எவனாவது வெப்பானா? செவுத்தோரமா பாருப்பா."

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வியை மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது

எங்கள் ஊர்த் தங்கத் திருட்டுகளைப் பற்றிச் செல்போனில் என்னென்னவோ வருகிறது. எல்லாவற்றிலும் திருடன் ஒரு தொழிலாளிதான். நான் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. மில்லில் வேலை செய்து ஒன்று தெரிந்துகொண்டேன். திருடன் என்று எழுதிக் கொடுப்பது கம்பெனி. அதை அழிக்க விடாமல் காப்பாற்றுவது நாம். நம் வாழ்நாளெல்லாம் தோண்டி எடுத்துக் கொடுத்த தங்கத்தில் நம்மில் ஒருவனாவது கொஞ்சம் வைத்திருக்கிறான் என்று நினைப்பதில் நமக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலுக்கு விலை கொடுத்தது ஒரே ஒரு குடும்பம்.

செல்வி இப்போது பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறாள். தினமும் ரயில். சமீபத்தில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. காதில் பிளாஸ்டிக் கம்மல். ரயில் வருகிற வரை பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்.

"சித்தப்பா, யாரும் இல்ல, நெஜத்தச் சொல்லுங்க. நைனா ஒண்ணுமே எடுக்கலயா?"

"ஒரு பொட்டுகூட எடுக்கலம்மா. சத்தியமா."

அவள் தலையை ஆட்டினாள். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் வந்து, பெட்டியில் ஏறும்போது திரும்பினாள்.

"கொஞ்சமாச்சும் எடுத்திருக்கலாம் சித்தப்பா."