அப்பாவுக்கு முன்னால் யார்?

அம்மா இறந்த அன்று காலை, குழி வெட்ட இடம் கேட்டுக்கொண்டு கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"உங்க குடும்பக் கல்லறை எந்தப் பக்கங்க? சொன்னீங்கன்னா ஆளுங்கள அனுப்பிடுறேன்."

காரைக்காலில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கல்லறைத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு குழி இருந்தது. யாராவது இறந்தால் அதைத் திறந்து, பழைய எலும்புகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புதியவரை வைப்பார்கள். தாத்தாவோடு மகனும், மாமியாரோடு மருமகளும் கடைசியில் ஒரே குழியில் சேர்ந்து கிடப்பார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரே அடுப்பில் சமைக்காதவர்கள்கூட அங்கே ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்.

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லிங்க," என்றார் அப்பா.

"ஐயாவோட அப்பா அம்மா?"

"எனக்கு முன்னால யாரும் இல்லிங்க."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அம்மா புதுச்சேரிக்காரி. அவள் வீட்டாருக்கு அங்கே இடம் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்தின் பின்சுவரை ஒட்டிப் புதிதாக ஓர் இடம் கொடுத்தார்கள்.

அன்று நான் அழவில்லை. "மூத்தவ கல்லு மாதிரி நிக்கிறா பாரு," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல் என்றால்கூடச் சரிதான், அதற்கு ஒரு கனமாவது உண்டு. எனக்குப் பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது, அவ்வளவுதான். தம்பி பிரான்ஸிலிருந்து தந்தி அடித்திருந்தான். அதைப் படித்து மடித்து வைத்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கலந்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்று நினைக்கிறேன், யாரும் குறை சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா பேசினார்.

"அன்னைக்கு உபதேசியார் கேட்டாரே."

"என்னப்பா?"

"எனக்கு முன்னால யாருன்னு. நீ போய்ப் பாரேன்."

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, சைகோன் வரை போய்வந்து, பென்ஷனோடு ஓய்ந்தவர். வளர்ந்தது புதுச்சேரியில், கன்னியாஸ்திரிகள் நடத்திய அனாதை மடத்தில். அவருடைய காகிதங்களில் பிறந்த ஊர் காரைக்கால் என்று இருந்தது. எழுதியிருக்கிற ஊரில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாக எங்களை இங்கே கூட்டிவந்து குடிவைத்தார். இந்த ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. தன் பிறப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம். நாங்கள் சோற்றை மிச்சம் வைக்கும்போதெல்லாம் அதைச் சொல்வார்: "என்னைப் பெத்தவ மடத்து வாசல்ல வீசிட்டுப் போனவ. எனக்கு யாரும் ஊட்டிவிடல." சின்ன வயதில் அதைக் கேட்டுக்கேட்டு எங்களுக்குச் சிரிப்புகூட வரும்.

இப்போது அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "யாருன்னு தெரியாட்டிப் போவுது. ஏன் வேண்டாம்னு விட்டாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா."

இறந்துபோனவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நான் கேட்கவில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. வீட்டில் அம்மாவின் புடவைகள் கொடியில் அப்படியே கிடந்தன. வெளியே போக ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

முதலில் நகராட்சி அலுவலகம். பழைய ஆட்கள் அதை இன்னும் பிரெஞ்சு வார்த்தையில் மேரி என்றுதான் சொல்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பாதி ஊர் அந்த வராந்தாவில்தான் நின்றது. கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுப் பிரஜை என்று காட்டிவிட்டால் விமானம் ஏறிவிடலாம். உயிரோடு இருந்தபோது தாங்கள் ஒரு வாய் கஞ்சி ஊற்றாத தாத்தாவின் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். குமாஸ்தா என்னிடமும் அதையே கேட்டார்.

"பிரான்ஸ் போறீங்களா?"

"இல்லிங்க."

"தம்பிக்குங்களா?"

"அவன் அங்கதான் இருக்கான்."

"பின்ன எதுக்கும்மா இந்த வெயில்ல?"

அப்பாவின் பெயர் எழுதிய சீட்டை நீட்டினேன். அவர் எடுத்துக் காட்டிய பக்கத்தில் அப்பாவின் பெயரும், தாய் தகப்பன் தெரியாது என்பதும் இருந்தன. அது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்து பங்குச் சாமியார். கண்ணில் புரை விழுந்தவர். ஞானஸ்நானப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்து லத்தீனில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். நோஞ்சான் ஆண்பிள்ளை, மடத்து அம்மாக்கள் கொண்டுவந்தது, கடற்கரைப் பக்கம், வேட்டக்குடி. அவ்வளவுதான். "கடலோரத்துப் புள்ள போல," என்று புத்தகத்தை மூடினார். அப்பாவின் கறுப்பைப் பார்த்து அதை நானே சொல்லியிருப்பேன்.

காரைக்கால் மடத்தில் அப்போது மூன்று நான்கு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள், எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரிகளைப் பற்றிக் கேட்டதும் சிஸ்டர் ஒருவர் சிரித்தார். "அவங்களக் கேக்கணும்னா கல்லறைக்குத்தாங்க போவணும்." உண்மையில் அங்கேயும் போனேன். வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒரே அளவில் சின்னச் சிலுவைகள். அப்பாவைக் கையில் எடுத்தவர் இந்த வரிசையில் யாரோ ஒருவர். கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. அப்படியே பின்சுவர்ப் பக்கம் போய் அம்மாவின் மண்மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வேட்டக்குடிக்குப் போகப் பிடிக்கவில்லை. அறுபது வருஷத்துக் கதையை யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் அப்பா தினமும் சாயங்காலம் என் முகத்தைப் பார்ப்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். அந்தப் பார்வைக்கு வெயிலே தேவலாம் என்று கோட்டுச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

கரையில் பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பையும் குடையுமாக நான் வருவதைப் பார்த்ததும் இளசுகள் எழுந்து நடையைக் கட்டின. வயதான ஒருத்தி மட்டும் நகராமல் கத்தினாள். "எங்களுக்கெல்லாம் ஆபரேசன் ஆயிப்போச்சுங்க! வேற ஊரப் பாருங்க!"

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அன்று சிரித்தேன். சிரிப்பு முகத்தில் மட்டும்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குழந்தையை மடத்தில் விட்டுவிட்டார்களாம், அது என் அப்பா என்றேன்.

அவள் கையிலிருந்த மீனைப் பாயில் போட்டாள். "தவிட்டுப் புள்ளயா?"

எனக்குப் புரியவில்லை. அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கடைசித் தெருவில் ஓர் ஓட்டு வீட்டு வாசலில் நின்று, "ஒங்க அண்ணன் மவ வந்திருக்கு," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

வெளியே வந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. அவள் என் அத்தை. என்னைப் பார்த்து அவள் ஓவென்று அழவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப பலிச்சிருச்சு," என்றாள்.

பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போனால், அடுத்துப் பிறந்ததை அடுத்த வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்பது நம் ஊர்களில் உண்டு. அவள் ஒரு கை தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குவாள். பிறகு, என் பிள்ளையை நீ வளர்த்துக்கொடு என்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். எமன் வந்தால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போவான். அப்பாவைப் பெற்றவளுக்கு அவருக்கு முன் பிறந்ததெல்லாம் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் தவிட்டுக்குக் கொடுத்ததும் தங்கவில்லை.

அத்தை சொன்னாள்: "எங்க அம்மாகிட்ட யாரோ சொல்லிட்டாங்க ஆயி. வெள்ளக்காரச்சி கையில குடுத்து வாங்கு, எமனுக்கு அந்த வீட்டுக்கு வழி தெரியாதுன்னு. நடந்தே காரைக்காலுக்குப் போயிருக்கு. மடத்துல ஒரு அம்மா வந்தாங்களாம். கப்பல்ல வந்து எறங்கின புதுசு, ஒரு வார்த்த தமிழ் தெரியாது. எங்கம்மா புள்ளய நீட்டி, தவிடு தவிடுன்னு கேட்டிருக்கு. மாட்டுக்கு வச்சிருந்தத வேலக்காரி அள்ளிப் போட்டிருக்கா. அந்தம்மா புள்ளய வாங்கிட்டு உள்ள போயி கதவச் சாத்திட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? திருப்பிக் குடுப்பாங்கன்னு எங்கம்மா மடியில தவிட்ட வச்சிக்கிட்டு வாசல்லயே நின்னிருக்கு. இருட்டுற வரைக்கும் நின்னிருக்கு."

மறுநாள் பஞ்சாயத்தாரைக் கூட்டிக்கொண்டு அவளுடைய புருஷன் போனாராம். பிள்ளை பிழைக்காது என்று பயந்து அன்றைக்கே ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். கிறிஸ்தவப் பிள்ளையை இனித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு பெற்றவள் தேடவில்லை. தேடாததற்கும் அவளிடம் காரணம் இருந்தது. வாங்கினவர்களிடம் இருக்கிறவரைக்கும்தான் உயிர் நிற்கும், நான் போய் என் பிள்ளை என்று சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும் என்று பயந்தாளாம்.

கிளம்பும்போது அப்பாவைப் பெற்றவளை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். அத்தை அலையைக் காட்டினாள். "அந்தா, தெரியுதுல்ல, அங்கதான். முன்ன அதுவரைக்கும் கர இருந்துச்சு. கடலு எடுத்துக்கிச்சு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னேன். முடிந்ததும் கேட்டார்.

"வாசல்லயே நின்னாளா?"

"இருட்டுற வரைக்கும் நின்னாங்களாம்."

எழுந்து கை கழுவப் போனார். அவர் இன்னும் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை சவரம் செய்துகொண்டே, பாதி முகத்தில் சோப்போடு, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். "எப்படி நின்னாளாம்? உக்காரவே இல்லியாமா?" எனக்குத் தெரியாதுப்பா என்றேன். அதற்கப்புறம் பல நாள் அதையேதான் கேட்டார். ஆனால் வேட்டக்குடிக்குப் போகலாம் என்றால் கால் வீங்கியிருக்கிறது என்பார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடியட்டும் என்பார். பட்டாளத்தில் குண்டுக்குப் பயப்படாதவருக்கு ஐந்தாறு மைல் பஸ்ஸில் போகப் பயம். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு எதிலும் ஒட்டவில்லை.

கடைசியில் அத்தையே வந்துவிட்டாள். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், கதவைத் திறந்தால் மஞ்சள் பையோடு நிற்கிறாள். அப்பா கூடத்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"மொகம் அம்மா சாடதான்," என்றாள் அத்தை கடைசியில்.

உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். வந்த வேலை முடியாமல் உட்காரக் கூடாதாம். பையிலிருந்து சின்னத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். புதுத் தவிடு. அதன் வாசம் கூடமெல்லாம் பரவியது.

"அம்மா சாவுறப்ப சொல்லிச்சு. உசுரோட இருந்தா என்னைக்காவது திருப்பி வாங்கிடுங்க, வாங்காம விட்டா புள்ள அங்கயும் இல்ல இங்கயும் இல்லன்னு. இப்பத்தான் அறுபது தாண்டிட்டாங்களே, இனிமே எமன் என்ன பண்ணிடுவான்? யாருகிட்ட வாங்குறதுன்னுதான் தெரியல. மடத்து அம்மாவுங்கல்லாம் போயிட்டாங்க. ஊருல கேட்டேன். இப்ப யாரு வச்சிருக்காங்களோ அவங்ககிட்ட வாங்குன்னாங்க." என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "முந்தானைய ஏந்து ஆயி. வாங்கிக்கிட்டு, குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு."

ஏந்தினேன். அவள் தவிட்டைக் கொட்டினாள். கனமே இல்லை. ஒரு வார்த்தைதான், அதுவும் சடங்குக்கு. அப்பா எங்கேயும் போகப் போவதில்லை, இதே நாற்காலியில்தான் இருக்கப் போகிறார். எல்லாம் தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. அம்மா போனதிலிருந்து ஒன்றுமே உறைக்காமல் இருந்த எனக்கு அப்போது பயம் வந்தது. இவரையும் கொடுத்துவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? தர மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்றே பயந்தேன். அத்தை கையை நீட்டியபடியே இருந்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"குடுத்துடும்மா," என்றார். "எவ்வளவு நேரம் நிப்பா அவ?"

"குடுத்தேன்," என்றேன்.