மெமோ அக்காவுக்கு வந்த மெமோ

அந்தப் பேருந்து டெப்போவில் ஓர் ஓட்டுநரின் மாமனார் மூன்று முறை இறந்தார். மூன்றுமே திங்கட்கிழமை. முதல் சாவுக்கு அனுதாபம், இரண்டாவதற்கு ஒரு பெருமூச்சு, மூன்றாவதற்கு மெமோ. கொடுத்தவர், அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைக் கட்டிக் காக்கும் எழுத்தர். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவர்களிடம் ‘உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ என்று தட்டச்சில் கேட்பதே இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. மற்றபடி அவர் மெமோ அக்கா.

மெமோ அக்காவுக்கென்று சில சட்டங்கள் உண்டு. வந்த தாள் தட்டில் விழ வேண்டும். தட்டிலிருந்து தபால் பதிவேட்டில் ஏறி எண் வாங்க வேண்டும். எண் வாங்காத தாள் பிறக்கவே இல்லை. தன் தாளுக்குத் தானே எண் போடக் கூடாது. நாள் முடிந்ததும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. முன்தேதி போட்டு நுழையப் பார்க்கிறவர்களுக்கு எறும்பு நுழையக்கூட இடம் கிடையாது. பிறகு தட்டும் பதிவேடும் அலமாரிக்குள், சாவி அவர் கைப்பைக்குள். வராதவரைத் தேடி யாரும் போன் போடக் கூடாது. “பேச்சு காத்தோட போயிடும். எழுத்துதான் நிக்கும்” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்கே போன் வந்தது. வேறோர் ஊரில் தனியாக இருக்கும் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாளாம். பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. மேலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். சின்ன எழுத்தர் விடுப்பில். முறைப்படி எண் வாங்கிய விடுப்பு. அக்கா விடுப்பு விண்ணப்பம் எழுதித் தட்டில் வைத்தார். மனம் தங்கையிடம் போய்ச் சேர்ந்திருக்க, கை மட்டும் இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வேலை பார்த்தது. தட்டையும் பதிவேட்டையும் அலமாரியில் வைத்தது, பூட்டியது, சாவியைப் பையில் போட்டது.

பதினோரு நாள் கழித்துத்தான் திரும்பினார். அதுவரை தங்கையின் கட்டிலுக்கும் மருந்துக் கடைக்கும் நடந்த நடையில் செருப்பு தேய்ந்ததே தவிர, அலுவலகத்தைப் பற்றிக் கவலை எழவில்லை. கடிதம் கொடுத்தாயிற்றே! இங்கே டெப்போவிலோ, அலமாரியைத் திறக்கச் சாவி கேட்டுப் போன் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு நாள் மெமோ விழாத டெப்போ. தேன்கூட்டைக் காலால் உதைக்க யாருக்குப் பைத்தியம்? சின்ன எழுத்தர் புது நோட்டு ஒன்றில் தபாலைப் பதிந்துகொண்டார். வருகைப் பதிவேட்டில் அக்கா பெயருக்கு நேரே பதினோரு சிவப்புச் சுழி விழுந்திருந்தது.

அக்கா அலமாரியைத் திறந்தார். தட்டில் அவர் கையெழுத்தோடு விண்ணப்பம், போட்டது போட்டபடி. பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குக் கீழே மூன்று வரி காலி. சிவப்புக் கோடு போட அன்று மறந்திருந்தார்.

சின்ன எழுத்தர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அக்கா, எடம் இருக்கு. நான் ஒரு நம்பர் போட்டுர்றேன். ஈ காக்காவுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல?”

“மாசக் கடைசியில தலைமை எழுத்தர் புரமோஷன் லிஸ்ட் போகுது. ஒரு மெமோ ஏறுச்சுன்னா உங்க பேரைத் தூக்கிடுவாங்க. அந்தச் சுழல் நாற்காலியத் தெனம் தொடைச்சு வெச்சது நீங்கதானே?”

அக்கா ஜன்னலோரம் பார்த்தார். சுழலும் நாற்காலி, வெயில் படாத மூலை, தனி மின்விசிறி. ஆறு வருடக் காத்திருப்பு. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, செவ்வாய்க்கிழமைக்குக் கீழே மூன்று வரியையும் அடைத்துக் கோடு போட்டார். “இப்ப இன்னைக்குத் தேதியில பதிஞ்சுக்கோ” என்று விண்ணப்பத்தை நீட்டினார்.

மேலாளர் இளகிய மனசுக்காரர். பிரச்சினை என்றால் அவருக்கு வியர்க்கும். “மேடம், வயித்து வலின்னு ஒரு சர்டிபிகேட் குடுத்துடுங்களேன்? நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

“என் வயிறு நல்லாத்தான் சார் இருக்கு. இடுப்பு ஒடஞ்சது என் தங்கச்சிக்கு.”

“அப்ப மெமோ குடுக்கணுமே!”

“குடுங்க.”

மேலாளர் மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் அக்காவையே பார்த்தார். மெமோ எழுதத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

தனக்கென்று வந்தபின் ஏனோதானோ என்று அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. விதிக் கையேட்டைத் தூசி தட்டி எடுத்தார். மாதிரிப் படிவம் அவர் மனப்பாடமாக அறிந்ததுதான். வேலைக்குச் சேர்ந்தபோது பழைய எழுத்தர் கொடுத்த ஒற்றைப் பக்க நகலை வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். படிவம் பின்பக்கத்திலும் தொடர்ந்தது: ‘தாங்கள் நேரில் விளக்கம் அளிக்க விரும்பினால், சக பணியாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம்.’

நகல் எடுத்த புண்ணியவான் பின்பக்கத்தை விட்டுவிட்டார். கோவில் கட்டியவன் பின்வாசல் வைக்க மறந்த மாதிரி, இருபத்திரண்டு வருடமாக ஆட்கள் உள்ளே போனார்களே தவிர வெளியே வரும் வழியை அக்கா யாருக்கும் காட்டவில்லை. பிறகு தன் மெமோவை இரண்டு பக்கமும் அடித்தார். மேலாளர் கையெழுத்துப் போட, அக்காவே பெற்றுக்கொண்டு, பெற்றதாக ஒப்பமும் இட்டார்.

துணைக்கு யாரை அழைப்பது? நேரே நடத்துநர் காமாலையிடம் போனார். ஐந்து முறை மஞ்சள் காமாலைச் சான்றிதழ் கொடுத்தும் ஒரு தடவைகூடக் கண் மஞ்சளாகாத மனிதர்.

“துணையா? அப்படியொண்ணு உண்டாக்கா?”

“உண்டு. பின்பக்கத்துல இருக்கு.”

காமாலையின் சிரிப்பு பாதியில் நின்றது. “ஒம்போது விசாரணைக்கா. ஒம்போதுலயும் தனியாத்தான் நின்னேன். அதுல ரெண்டு நெசமாவே காய்ச்சல். நாக்கு ஒட்டிக்கிச்சு, சொல்ல வரல.”

“தெரியும். அதையும் எழுதப் போறேன்.”

எழுதினார். விளக்கக் கடிதத்தின் முதல் பாதி தங்கையின் இடுப்பு, அலமாரி, சாவி. இரண்டாம் பாதி, ஒற்றைப் பக்க மெமோக்கள். படித்த மேலாளர் கைக்குட்டையைத் தேடினார். “மேடம், இத எதுக்கு எழுதுறீங்க? இதுக்குத் தனியா இன்னொரு மெமோ வரும்!”

“வரட்டும் சார். அதையும் நானே அடிச்சுத் தர்றேன்.”

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். காமாலை சலவைச் சட்டையோடு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இவர் யாரு?”

“துணை சார். அனுபவஸ்தன்.”

அதிகாரி கேட்டார்: “விண்ணப்பம் எழுதி வெச்சிருந்தீங்களே. அப்ப ஒரு விதத்துல தகவல் குடுத்ததா எடுத்துக்கலாம் இல்ல?”

பாதை பளிச்சென்று திறந்திருந்தது. காமாலை அக்காவின் முழங்கையை இடித்தார்.

“இல்லைங்க சார். பூட்டின அலமாரிக்குள்ள இருக்கறது தகவல் இல்ல. இதே காரணத்தை ஒரு டிரைவர் சொல்லியிருந்தா நான் ஏத்திருக்க மாட்டேன்.”

“அனுபவஸ்தன் என்ன சொல்றாரு?”

“பொய் சொல்லத்தான் சார் எனக்கு அனுபவம்,” என்றார் காமாலை. “இதுக்கு என்கிட்ட மருந்தில்ல.”

தீர்ப்பு வந்தது: எழுத்துமூல எச்சரிக்கை. தலைமை எழுத்தர் பட்டியலில் பெயர் இல்லை. சுழல் நாற்காலிக்கு வேறு டெப்போவிலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாளே அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழைய கோப்புகளை இறக்கி, தனியாக நின்று தண்டனை வாங்கிய ஒவ்வொருவருக்கும் ‘மறுவிசாரணை கோரலாம்’ என்று கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். எண்ணோடு.

அடுத்த திங்கட்கிழமை காமாலை வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா மெமோவை நீட்டினார். முன்பக்கத்தைக் காமாலை பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

“துணைக்கு யாரைக் கூட்டிட்டு வரப்போற?” என்றார் அக்கா.

“உங்களைத்தான்க்கா.”

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். விதியில் தடை எதுவும் இல்லை; இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“வர்றேன். ஆனா காமாலைன்னு சொன்னே, நானே எழுந்து எதிர்சாட்சி சொல்லிடுவேன்.”