இருபத்து மூன்று கிலோவும் ஸலாம்களும்

செவ்வாய்க்கிழமை மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் பயணப் பெட்டியை நிறுத்தோம். மீன் நிறுக்கும் கொக்கித் தராசுதான். ஆலங்குடாவில் பெட்டிக்கென்று யாரும் வேறு தராசு வைத்திருப்பதில்லை. எங்களுடையது ஐம்பது கிராம் கூடக் காட்டும். பிழை கழித்து இருபத்து மூன்று கிலோ நானூறு. விமானத்தில் இருபத்து மூன்றுதான் விடுவார்கள்.

"நானூறு கூட, வாப்பா. என்னத்த எடுக்கிற?"

"சப்பாத்த எடு."

"கருவாட்டுல எடுங்களன்."

"அது அடுத்தவன்ட கருவாடு. சப்பாத்து என்ட."

"அப்ப வெறுங்காலோட ஜப்பான் போறீங்களோ?"

"இந்தா செருப்பு!" காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

குசினிக்குள் இருந்து உம்மா சொன்னார்: "இந்த முறையாவது அந்தச் செருப்போட திரும்பி வாங்க."

உம்மா அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. என் வாப்பா ஹுனைஸ் பயணக் கட்டுரை எழுதுகிறவர். எந்தப் பத்திரிகையிலும் வேலை இல்லை. கேட்கிற எல்லாவற்றுக்கும் எழுதுவார். வருடத்தில் பத்து மாதம் கற்பிட்டிக் கடல், டொல்பின், பட்டத்தில் தொங்கிக்கொண்டு அலைமேல் பறக்கும் வெள்ளைக்காரர்கள். மார்ச் கடைசியில் ஜப்பான். அங்கே ஒரு கடலோர ஊரில் என் மூத்த சகோதரி ஷஸ்னா குடும்பத்தோடு இருக்கிறாள். அவள் கணவர் பழைய வாகனங்களை வாங்கிக் கப்பலில் ஏற்றுகிறவர். செரி மரங்கள் பூக்கும் காலம் முழுக்க வாப்பா அவர்களோடு. காலையில் பேத்திகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போவார். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் சமைப்பார். மற்ற நேரமெல்லாம் எழுத்து.

வீட்டில் பேத்திகளின் சத்தம் என்று, மருமகனின் யார்டில் நிற்கும் ஏதாவதொரு வேனுக்குள் ஏறியிருந்து எழுதுவார். செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே வைப்பார். ஒருநாள் தேநீர் குடிக்க வெறுங்காலோடு இறங்கிப் போய்த் திரும்பினால், வேன் இல்லை. ஆபிரிக்காவுக்குப் போகும் கப்பலில் ஏறிவிட்டது. "குடும்பத்துல ஆபிரிக்கா பார்த்தது என்ட செருப்பு மட்டும்தான்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

வசந்தம் என்ற ஒன்று எங்களுக்கு இல்லை. காற்று அடிக்கும், அல்லது அடிக்காது. வாப்பாவுக்கு வசந்தம் ஐம்பத்தைந்து வயதில்தான் கிடைத்தது. அதனால் அளவு தெரியாமல் பயன்படுத்தினார். நான் காற்றாலையில் மின் பொறியியலாளர். எண்பது மீற்றர் உயரத்தில் நிற்கும்போது தொலைபேசியில் குரல் செய்தி வரும்.

"மகள், மரத்துல ஒரு இலை இல்ல! முழுக்கப் பூ! இன்டைக்கு ஒரு மரத்துக்கு ஸலாம் சொல்லிட்டன், வாயில தானா வந்துட்டுது. பக்கத்துல நின்ட கிழவர் எனக்குக் குனிஞ்சார். நானும் குனிஞ்சன். அவர் திரும்பக் குனிஞ்சார். முடியவே இல்ல, மகள்!"

ஸலாம் அவருக்குப் பொறுப்பான வேலை. "அவருக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போல உரியவரிடம் சேர்த்தே ஆக வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள். வாப்பா குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, சேர்த்ததும் கோடு போடுவார். கருவாட்டோடு ஸலாமும் போகும். "இதுக்கு நிறை இல்ல, எவ்வளவும் தாங்க" என்பார்.

ஒருமுறை பள்ளிவாசல்துறை ஊர்ப் பெண் ஒருவர் ஜப்பானில் இருக்கும் மகன் முபாரிஸுக்கு ஸலாம் கொடுத்தார். வாப்பா தேடிப் பிடித்து ஒரு முபாரிஸிடம் சொன்னார். உம்மா இல்லாத பிள்ளை அது. தன் பெயருக்கு ஒரு தாயின் ஸலாம் வந்தது என்று அழுது, பதில் ஸலாமும் ஒரு போர்வையும் கொடுத்தனுப்பியது. பெற்ற மகன் பிறகுதான் கிடைத்தான். விஷயம் தெரிந்தும் அந்தப் பெண் போர்வையைத் திருப்பித் தரவில்லை. "எனக்கு இப்ப ரெண்டு முபாரிஸ்" என்றுவிட்டார். இரண்டு பேருக்கும் கருவாடு போகிறது. பெட்டியின் நிறைக்கு அதுவும் ஒரு காரணம்.

கடல் தாண்டி ஸலாம் சேர்த்தவர், புத்தளத்துக்கு அப்பால் வண்ணாத்திவில்லில் இருக்கும் தம்பிக்கு ஒன்றைச் சேர்க்கவில்லை. இனாஸ் சாச்சாவுக்கு அங்கே சாப்பாட்டுக் கடை. ஒன்பது வருடத்துக்கு முன் வாப்பா ஒரு கட்டுரையில் எழுதினார்: 'என் தம்பியின் கடையில் கொத்துரொட்டி அருமை. தேநீரைப் பற்றி, சகோதரன் என்பதால், எதுவும் எழுதவில்லை.' வாப்பா அதைப் பாசம் என்று நினைத்தார். சாச்சா அப்படி நினைக்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

போன வசந்தத்தில் ஷஸ்னா, "சாச்சாக்கு என்ட ஸலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். பதினொரு மாதமாகக் கோடு விழவில்லை. பெட்டியைப் பூட்டும்போது கேட்டேன்.

"சாச்சாட ஸலாம் என்னாச்சு?"

"வியாழன் போறன். வெள்ளி ஃப்ளைட். அத வெச்சிக்கிட்டுக் கடல் கடக்கேலா. ஷஸ்னா முகத்தப் பார்த்துக் கேப்பாள்."

"தேத்தண்ணி தந்தா?"

"குடிச்சித்தான் ஆகணும்" என்றார். முகம் உண்மையிலேயே பயந்திருந்தது. நான் சிரித்தேன். பெட்டியின் பெயர்ச்சீட்டை நிரப்ப என் நீலப் பேனையை வாங்கினார்.

புதன்கிழமை அதிகாலை சுபஹு தொழுத பிறகு வாப்பா மௌத்தானார். இதயம் நின்றுவிட்டது. வேறு எழுதத் தெரியவில்லை.

சாச்சா ஜனாஸாவுக்கு வந்தார். ஆண்களோடு வெளியே நின்றார், சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார், தேநீர் குடிக்காமல் போனார். பெண்களோடு உள்ளே இருந்த என்னால் அவரிடம் பேச முடியவில்லை.

அடுத்த வாரம் ஷஸ்னாவும் நானும் தொலைபேசியில் ஜப்பான் ஸலாம்கள் ஒன்பதையும் சேர்த்தோம். இரண்டு முபாரிஸும் அழுதார்கள். உம்மா இல்லாத முபாரிஸ்தான் அதிகம் அழுதான். நானே கோடு போட்டேன், ஒன்பது. மிஞ்சியது ஒன்று. கறுப்பு மையில்: 'இனாஸ் - ஷஸ்னாவின் ஸலாம்.' அதற்குக் கீழே இரண்டாவது வரி, நீல மையில்: 'என்னுடையதும்.'

நீலம் என் பேனை. அப்படியானால் செவ்வாய் மாலை எழுதியது.

உம்மா வாப்பாவுக்கான துக்க காலமாகிய இத்தாவில் இருக்கிறார், வெளியே வர முடியாது. வாசற்கதவுக்கு உள்ளே நின்று, "நீ போ புள்ள. அது அவர்ர கழுத்துல தொங்கக் கூடாது" என்றார்.

வியாழக்கிழமை ஸ்கூட்டரில் போனேன். பாலாவிச் சந்தி வரை எதிர்க்காற்று. கடையில் சாச்சா மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும் சுத்தமாக இருந்த மேசையை இரண்டு தரம் துடைத்தார்.

"வா மகள். தேத்தண்ணி?"

"ஓம், சாச்சா."

கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஒரு மிடறு குடித்தேன். வாப்பா எழுதாமல் விட்டது அத்தனையும் உண்மை. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, இருமினேன்.

"என்ன, உன்ட வாப்பா மாதிரியே முகம் போகுது?"

"சாச்சா, கொஞ்சம் இருங்க. ஒரு அமானிதம் கொண்டுவந்திருக்கன்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்தேன்.