ஊசி நின்ற இடம்

என் தங்கை ஜெயசுதா வீட்டைப் பூட்டிவிட்டு ஒரே நடையில் தெருமுனை வரை போனதாகச் சரித்திரம் இல்லை. பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். பரீட்சை நாளில் ஹால் டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்தே அதைக் கந்தலாக்கிவிடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் இன்ஜின் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். இப்படிப்பட்டவள் ஐந்து வருடமாக ஒரே ஆராய்ச்சியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எங்கள் தொண்டூரில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

நான் ஆனந்தராஜ், அவளுடைய அண்ணன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். அஞ்சலி பேனரிலும் போனவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். அது எங்கள் தொழில் தர்மம்.

ஜெயசுதாவின் வேலை புதுச்சேரியில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். ஒரு குறைக்கடத்திப் பொருளை மிக மிகச் சின்னத் துகளாக வளர்க்கிறார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் துகள் சின்னதாக இருந்தால் பச்சையாக ஒளிரும், கொஞ்சம் வளர்ந்தால் ஆரஞ்சு, இன்னும் வளர்ந்தால் சிவப்பு. அளவை மாற்றினாலே நிறம் மாறிவிடுகிறது, மை தேவையில்லை. “எங்க வயித்துல அடிக்கிற வேலையாச்சே” என்று நான் கேலி செய்வேன்.

இந்தப் புள்ளிகளைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பூசி, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசர் ஒளியை அடிப்பாள். பூச்சு ஒளிரும். அந்த ஒளியை ஒரு கருவி அலசித் திரையில் வரைந்து காட்டும். சும்மா ஒளிர்ந்தால் வரைபடம் அகலமான மேடாக வரும். பூச்சே லேசராக மாறிவிட்டால் மேட்டின்மேல் ஊசி போல ஒரு கோடு செங்குத்தாக நிற்கும். அந்த ஊசிக்காகத்தான் அவள் ஐந்து வருடம் காத்திருந்தாள். நான்கு வருடம் மேடுதான் வந்தது.

போன நவம்பரில் ஊசி வந்தது. எனக்குப் போன் செய்தவளுக்குப் பேச்சு வரவில்லை. நான் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்தேன். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் தேவேந்திரன் கட்டுரையை ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பினார். மார்ச்சில் ஏற்றுக்கொண்டார்கள், அச்சாவது மட்டும் பாக்கி. அந்தக் கட்டுரையை நம்பித் தைவானில் ஓர் ஆய்வகம் இரண்டு வருட வேலையும் கொடுத்தது. ஜூனில் போய்ச் சேர வேண்டும். எங்கள் நைனா பச்சமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அங்கே சோறு கிடைக்குமா என்று.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் எட்டாம் வகுப்புப் பாஸுக்கே பேனர் வைக்கிறார்கள். “அந்த ஊசிய அனுப்பு, பாக்கணும்” என்று கேட்டு வாங்கினேன். இரண்டு வரைபடம் அனுப்பினாள். ஒன்று சின்னப் புள்ளிகள், இன்னொன்று கொஞ்சம் பெரிய புள்ளிகள். கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்குச் சிவப்பு கொடுத்தேன். பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை, முன்னால் பட்டமளிப்பு உடையில் அவள். ‘செஞ்சி மண்ணின் ஒளிக்கீற்று’. பத்தடிக்கு எட்டடி. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டுச் சனிக்கிழமை கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

ஞாயிறு காலை, லீவுக்கு ஊருக்கு வந்திருந்த அவளைக் கூட்டி வந்து காட்டினேன். எதிர்பார்த்த திட்டு கிடைத்தது.

“இன்னாண்ணா இது. மானமே போவுது. மொதல்ல கழட்டு.”

“டிசைன பாரு. ரெண்டு மேடும் தள்ளித் தள்ளி இருக்குது. ஆனா ஊசி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு இம்மி பெசகாம உக்காந்துருக்குது. நான் நகத்தவேயில்ல. பிரின்டிங்குல கலர் மேல கலர் இப்படி விழறதுக்கு நாங்க தலகீழா நிக்கணும்.”

நான் அவளைப் பாராட்டித்தான் சொன்னேன். அவள் பேனரையே பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

“புள்ளி பெருசானா மேடு நகருது. ஊசியும் கூடவே நகரணும்ணா” என்றாள். “ஏன் நகரல?”

எனக்கென்ன தெரியும். அவள் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. திண்டிவனம் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினாள். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு நானும் ஏறினேன். வழியெல்லாம் அவள் ஒரே எண்ணை முனகிக்கொண்டு வந்தாள். அறுநூற்று எழுபத்து நாலு. ஊசி நின்ற இடம் அதுதான். வல்லம் தாண்டும்போது அதைப் பாதியாக்கினாள். முந்நூற்று முப்பத்தேழு. திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்கு மாறினோம்.

ஆய்வகத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை. வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டு உள்ளே போனோம். அவள் புள்ளிகளை எடுக்கவே இல்லை. ஒன்றுமே பூசாத வெறும் கண்ணாடித் துண்டை எடுத்து வைத்து லேசரை அடித்தாள்.

திரையில் ஊசி வந்தது. மேடு இல்லை, ஊசி மட்டும். அறுநூற்று எழுபத்து நாலில்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அவள் அடிக்கிற லேசரின் அலைநீளம் முந்நூற்று முப்பத்தேழு நானோமீட்டர். அது கண்ணாடியில் பட்டுச் சிதறி அலசும் கருவிக்குள் நுழைந்தால், இரண்டு மடங்கு இடத்தில் ஒரு பொய்க்கோடு விழும். அது எல்லாருக்கும் தெரிந்த கோளாறுதான். அதைத் தடுக்கத்தான் கருவியின் வாயிலில் ஒரு மஞ்சள் கண்ணாடி போடுவார்கள். அது அங்கே இல்லை.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். அது டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. அக்டோபர் மழையில் அதில் பூஞ்சை படிந்ததாம். துடைப்பதற்காக அவளே கழற்றி, துடைத்து, காயட்டும் என்று வைத்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்து ஊசி வந்திருக்கிறது. கேஸை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவள், இதை ஆறு மாதம் திறந்து பார்க்கவில்லை. மஞ்சள் கண்ணாடியைப் போட்டாள். ஊசி மறைந்தது. திரும்ப எடுத்தாள், வந்தது. போட்டாள், போனது. பதினொரு தடவை செய்தாள். நான் எண்ணினேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இதை மறைக்கக் கூடாது. என் மனசு என்னவோ மறைக்கத்தான் சொன்னது.

“ஆருக்கும் தெரியாதில்ல” என்றேன்.

“எனக்குத் தெரியுதே.”

பேராசிரியருக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை பேசலாம் என்றார். திங்கட்கிழமை வரை இவள் உயிரோடு இருக்க வேண்டுமே. மதியம் இரண்டு மணி வெயிலில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். ஜெயசுதா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். “நாலே நாலு அளவீட்டை வெச்சு வளைவு வரைஞ்சப்பவே எனக்கு உறுத்துச்சு. ஆசை கண்ணை மறைச்சிடுச்சு” என்றார். பிறகு, “தைவான் வேலை போயிடும்மா. அதை யோசிச்சியா?”

“யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க அண்ணனுக்கு. அவன்தான் கண்டுபுடிச்சான்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீங்க எந்தத் துறை?”

“ஃபிளெக்ஸ் சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எங்கள் எதிரிலேயே கடிதம் எழுதினார். அனுப்புமுன் அவளிடம் திருப்பிக் காட்டினார். அவள் படித்துவிட்டு, ‘கருவியில் நேர்ந்த பிழை’ என்றிருந்ததை ‘என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை’ என்று மாற்றினாள். அவர் ‘என்’ என்பதை ‘எங்கள்’ ஆக்கி அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து வருடம் ஒரு துண்டு கண்ணாடியில் போயிற்றே என்று எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலை கட்டர் பிளேடோடு பேனரைக் கழற்றப் போனோம். நைனா எங்களுக்கு முன்னாலேயே வந்து எதிரில் டீ குடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் பேனரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பளிச்சென்று அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நான் அப்படியே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஜெயசுதா நேராக அவரிடம் போனாள்.

“நைனா, அதுல இருக்கறது தப்பு. நான்தான் தப்பு பண்ணிட்டேன். கட்டுரய வாபஸ் வாங்கியாச்சு. தைவானும் கெடையாது.”

நைனா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். “இன்னா தப்பு?”

“அந்த ஊசி மாதிரி கோடு. அது வராத எடத்துல வந்ததா சொல்லிட்டேன்.”

“பேரு?”

“பேரு சரிதான் நைனா. கோடுதான் தப்பு.”

“அப்ப கோட்ட மட்டும் அறுத்துட்டு மத்தத வுடு” என்றார். மிச்ச டீயைக் குடித்தார்.

அவள் நாற்காலி போட்டு ஏறி, மேட்டின்மேல் நின்ற கோட்டை மட்டும் நீளமாக அறுத்தெடுத்தாள். பேனர் அப்படியே நான்கு நாள் நின்றது. கேட்டவர்களிடம் எல்லாம் நைனா, “எம் பொண்ணு தப்ப அவளே அறுத்துட்டா” என்றார். ஐந்தாம் நாள் பேனரைச் சுருட்டிக் நிலத்துக்கு எடுத்துப்போய் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்கு மூடினார். சித்திரை மழை வந்தது. அறுத்த பொத்தல் வழியாகத் தண்ணீர் இறங்கி ஒரு மூட்டை நனைந்துவிட்டது. அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு ஜெயசுதா டேப்போடு ஓடினாள். ஒட்டிவிட்டு வரப்பு வரை வந்தவள் மூன்று தடவை திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

இப்போது மறுபடியும் அதே ஆய்வகம், அதே மேடு. ஒரு மாற்றம் உண்டு. வரைபடங்களைப் பேராசிரியருக்கு அனுப்புமுன் எனக்கு அனுப்புகிறாள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இயற்பியல் தெரியாததுதான் தகுதியாம்.

போன வியாழக்கிழமை இரண்டு வந்தது. இரண்டு மேட்டிலும் ஒல்லியாக ஏதோ முளைத்திருந்தது. கடையில் காதுகுத்துக்காரர் காத்திருந்தார், அவரை அப்படியே விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். விழவில்லை. மேடு எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு முளையும் நகர்ந்திருந்தது. மூன்று தடவை பார்த்தேன். ‘ஒண்ணு மேல ஒண்ணு விழல’ என்று அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதுகுத்துக் குழந்தைக்கு நான் இரண்டு தடவை தப்பான பெயர் அடித்துவிட்டேன். அப்புறம் பதில் வந்தது.

‘வெறும் கண்ணாடி வச்சேன். ஒண்ணும் வரல. மஞ்ச கண்ணாடி உள்ளதான் இருக்குது, நாலு தடவ பாத்தேன். இன்னும் இருவது தடவ செஞ்சி பாக்கணும். ஃபிளெக்ஸ் மட்டும் அடிச்ச, மிஷின ஒடச்சிடுவேன்.’

நைனாவிடம் மட்டுமாவது சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.